நீச்சல் குளத்தில் மண் தேடிய மின்னல்

நான் ஒரு காலத்தில் நீச்சல் வீராங்கனை. எவ்வளவு காலம் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கி, பத்து மணி இரண்டு நிமிஷத்துக்கு முடிந்துபோன வாழ்க்கை அது.

கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் வயல் கிணறுதான் என் பயிற்சிக்கூடம். விசில் அடித்ததும் குதிக்க வேண்டும்; அடிக்குப் போய் ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு எதிர்ச்சுவரைத் தொட வேண்டும். மண் இல்லாமல் முதலில் வந்தாலும் செல்லாது. இதில் சுற்றுவட்டாரத்துப் பையன்கள் யாரும் என்னை ஜெயித்ததில்லை. (நான் சொல்லவில்லை, அவர்களே வயிற்றெரிச்சலோடு ஒப்புக்கொண்டது.)

இதைப் பார்த்த பி.டி. டீச்சர், சென்னையில் நடக்கும் ஐம்பது மீட்டர் தேர்வுக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டார். தேர்வானால் விளையாட்டுக் கோட்டாவில் காலேஜ் சீட். இல்லையென்றால் மாமன் மகனோடு கல்யாணம். அப்பா அதில் கறாராக இருந்தார். அதற்குள் கள்ளக்குறிச்சி டீக்கடைச் சுவரில் என் போட்டோவோடு ஒரு நோட்டீஸ்: 'மலையடிவார மின்னல்'. அதைப் பார்ப்பதற்காகவே தினமும் இரண்டு தடவை அந்தப் பக்கம் போய்வந்தேன்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நேரம். வழியெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். முந்தைய நாளே போய்க் குளத்தில் இறங்கிப் பழக வேண்டும் என்பது டீச்சரின் திட்டம். நானும் அப்பாவும் டீச்சரும் மரங்களைத் தாண்டி, நடந்து, லாரி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டீச்சர் மூச்சிரைக்கச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரை. அவ்ளோதான்."

விசில் அடித்தது. குதித்தேன். நேராக அடிக்குப் போனேன்.

மண் இல்லை. வெறும் வெள்ளை டைல்ஸ். மற்றவர்கள் எல்லாவற்றையும் அள்ளிவிட்டார்கள் போலிருக்கிறது என்று மூலைமூலையாகத் தடவினேன். கடைசியில், பெயர்ந்து கிடந்த டைல்ஸ் துண்டு ஒன்று அகப்பட்டது. அதோடு எதிர்க்கரையில் எழுந்தேன். மற்ற பெண்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கைகளைப் பார்த்தேன். ஒருத்தி கையிலும் மண் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்து என் டைல்ஸ் துண்டை உயர்த்திக் காட்டினேன். நடுவர் ஓடிவந்து, குளத்தை ஏன் உடைத்தாய் என்று கேட்டார்.

திரும்பும் வழியில் அப்பா விறுவிறுவென்று முன்னால் போனார். நான் மாமன் மகனின் மீசையை நினைத்து அழுதுகொண்டே நடந்தேன். சாலையில் வெட்டிப் போட்டிருந்த ஒரு புளியமரத்தின் மேல் இளைப்பாற உட்கார்ந்தபோதுதான் அப்பா கேட்டார்.

"எல்லாரும் போய்ச் சேந்துட்டாங்க. நீ இன்னாத்துக்கு அடியிலியே தேடிக்கினு இருந்த?"

"வெறுங்கையோட வந்தா செல்லாதுல்லப்பா."

அப்பா ரொம்ப நேரம் சிரித்தார். டீச்சரும் சிரித்தார். பிறகு அப்பா அந்த டைல்ஸ் துண்டை என்னிடமிருந்து வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"மாமன் வூட்ல நான் சொல்லிக்கிறேன். ஃபீஸ் கட்டியே காலேஜுக்குப் போ. நீ வெறுங்கையோட வரமாட்ட."

அடுத்த வாரமே டீக்கடை நோட்டீஸில் மின்னலின் கையில் யாரோ கரியால் ஒரு மண்வெட்டி வரைந்துவிட்டார்கள். நான் பட்டம் வாங்கி, வேலைக்கும் போய்விட்டேன். அந்த டைல்ஸ் துண்டு என் பட்டமளிப்புப் போட்டோவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இன்றைக்கும் நான் ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் என் மகள் வாசலில் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள்.

"மண்ணு எங்கம்மா?"