தடுத்தால் ஜெயில்!

தீயணைப்பு நிலையத்தில் அவருக்கு ஏணிக்காரர் என்று பெயர். நாலு மாடி பற்றி எரிந்தாலும் விறுவிறுவென்று ஏறிவிடுவார். பல் டாக்டர் வாசலில் இருக்கும் ரெண்டு படியை ஏறச் சொன்னால்தான் தொடை நடுங்கும். இப்போது கன்னம் பன் மாதிரி வீங்கி, தண்ணீர்கூட இறங்கவில்லை. மனுஷர் அசைந்து கொடுக்கணுமே!

ஆம்புலன்ஸில் வேலை பார்க்கும் அவர் சம்சாரம், யூனிஃபார்மை மாட்டிக்கொண்டே அதட்டினாள்.

"இன்னிக்குப் பல்லைப் புடுங்கிட்டுத்தான் மறுவேலை. கிளம்புங்க!"

"டூட்டிக்குப் போறவனைத் தடுக்கிறியா? சட்டம் மாறிப்போச்சு, தெரியுமா? முன்னே தீயணைப்புக்காரனைத் தடுத்தா அபராதம். இப்போ ஜெயில்!"

"பொண்டாட்டி தடுத்தாலுமா?"

"பொண்டாட்டின்னா டபுள்!"

"அடேங்கப்பா! சட்டத்தை முழுசாப் படிச்சீங்களா?"

"என் பங்கைப் படிச்சேன். போதாதா?"

"சரி மகராசா, போயிட்டு வாங்க."

அவள் இவ்வளவு லேசில் விட்டபோதே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பாவம், வலியில் மூளையும் வீங்கியிருந்தது.

நிலையத்தில் அன்று மாதாந்திர ஒத்திகை. தீயணைப்புக்காரர்கள் ஆளைத் தூக்கி வருவார்கள், ஆம்புலன்ஸ்காரர்கள் ஏற்றிக்கொள்வார்கள். அடிபட்டவராக நடிக்க ஒரு ஆள் வேண்டும்.

"உங்க மூஞ்சிக்கு மேக்கப்பே வேண்டாம். படுங்கய்யா!" என்றார் அதிகாரி.

படுத்தார். ஸ்ட்ரெச்சரில் இறுக்கிக் கட்டினார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். வண்டி கேட்டைத் தாண்டியும் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், தலைமாட்டில் சம்சாரம்!

"அடியே, ஒத்திகை கேட்டோட முடிஞ்சுதுடி!"

"இன்னிக்குப் பல் ஆஸ்பத்திரி வரைக்கும். உங்க அதிகாரிகிட்டக் காலையிலேயே பேசிட்டேன். லீவும் கொடுத்துட்டார்."

"கட்டை அவிழ்! நான் இறங்கணும்!"

"ஆம்புலன்ஸ்காரங்களைத் தடுத்தாலும் ஜெயில்தான். நீங்க படிக்காம விட்ட பங்கு அது."

ஏணிக்காரர் கட்டோடு பல் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து பல் பிடுங்கும் இடுக்கியைக் கண்ணால் பார்த்ததும், மிச்சமிருந்த வீரமும் இறங்கி ஓடிவிட்டது. பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். ராத்திரியெல்லாம் இவர் முனகியபோது கூடவே முழித்துக் கிடந்ததில் அவள் கண்ணும் வீங்கித்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு என்னமோ போலாகிவிட்டது.

"தடுக்க மாட்டேன்டி. கையை மட்டும் விட்டுடாதே."

"கைதியை யாராவது விடுவாங்களா? ஆ காட்டுங்க!"