இரும்பு மகளிர் திட்டமும் நான்கு நிமிடமும்

"இன்னும் எவ்வளவும்மா மிச்சம் இருக்கு?"

"இது என்ன சட்டைக் காலரா சார், இத்தனை முடிஞ்சுது, இத்தனை பாக்கின்னு எண்ணிச் சொல்ல?"

"ஏழு நிமிஷம் ஆச்சு. ரூல் நாலு நிமிஷம்."

"ரூல் எனக்குத் தெரியும் சார். உள்ளே இருக்கிறதுக்குத் தெரியலையே!"

நாகரிக உலகின் வரலாற்றில், ஒரு கழிவறைக் கதவின் இருபுறமும் இருந்துகொண்டு நிர்வாகமும் தொழிலாளியும் இவ்வளவு மனம்விட்டுப் பேசிக்கொண்ட தொழிற்சாலை இன்னொன்று இருக்குமா என்பது ஐயமே. கதவுக்கு வெளியே கடிகாரமும் கையுமாக நின்றவர் மூன்றாம் வரிசை மேற்பார்வையாளர். உள்ளே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தவள் அதே வரிசையில் சட்டைக்குக் காலர் தைப்பவள்.

அந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் கருணைக்குக் கரையே கிடையாது. இரண்டு மாதங்களுக்கு முன் எல்லாப் பெண்களின் ரத்தத்தையும் இலவசமாகச் சோதித்தார்கள். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் காலர்க்காரிக்கு எட்டு. உடனே 'இரும்பு மகளிர் திட்டம்' பிறந்தது. தினமும் பதினொரு மணிக்கு மணி அடிக்கும். மேற்பார்வையாளர் ஒவ்வொரு வாயிலும் ஒரு மாத்திரை போடச் சொல்லி, தண்ணீர் ஒரு மிடறு கொடுத்து, பலகையில் பச்சை நிறத்தில் குறித்துக்கொள்வார்.

பக்கத்திலேயே இன்னொரு பலகை. அது 'நொடி காப்போம் திட்டம்'. கழிவறைக்கு நான்கு நிமிடம். மீறினால் சிவப்புக் குறி. மூன்று சிவப்பு விழுந்தால் வேலை நிரந்தரம் ஆகாது. இரண்டு வருடமாகத் தற்காலிகத்திலேயே இருந்த காலர்க்காரிக்கு அன்றோடு இரண்டு சிவப்பு.

மருத்துவ அறையில் நர்சம்மா சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"இரும்பு மாத்திரை அப்படித்தான்டி வயித்தைக் கட்டிப் போடும். நிறையத் தண்ணி குடி. கீரை, பழம் சேர்த்துக்கோ. வந்தா அடக்காதே. போனா அவசரப்படாதே."

"தண்ணி குடிச்சா எழுந்து போகணுமே நர்சம்மா."

"காலையிலே வீட்டிலேயே முடிச்சிட்டு வா."

"மூணு குடும்பத்துக்கு அங்கே ஒரே கக்கூஸ். வீட்டுக்காரர் தட்டுவார், எதிர்வீட்டு அத்தை தட்டுவாங்க, அவங்க பேரன் உதைப்பான். அதுக்கு இங்கே சார் ஒருத்தர் தட்டுறது எவ்வளவோ மேல்."

"சரி, டாக்டரைப் பாரு. வேற மாத்திரை மாத்தித் தருவார். இளக்கவும் ஏதாவது கொடுப்பார். ஆனா ஒண்ணு, மாத்திரையை மட்டும் நிறுத்திடாதே."

நிறுத்தும் எண்ணம் அவளுக்கும் இல்லை. முன்பெல்லாம் வீட்டுக்கு மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். இந்த ஒரு வாரமாக நிற்காமல் ஏறினாள். காதுக்குள் இரைந்துகொண்டிருந்த ஏதோ ஒன்றும் ஓய்ந்திருந்தது. ஆகவே டாக்டரைப் பார்க்க அரை நாள் விடுப்பும், அதுவரை கூடுதலாக நான்கு நிமிடமும் கேட்டு மனு எழுதினாள்.

மனுவை ஆராய உயர்மட்டக் கூட்டம் கூடியது. அகன்ற மேசை, குளிர்ந்த காற்று. காலர்க்காரி ஓரமாக நின்றாள்.

"மாத்திரை உள்ளே போறவரைக்கும்தான் என் துறை" என்றார் நல்வாழ்வு அதிகாரி.

"வெளியே வர்ற நேரம் என் துறை" என்றார் நேர அதிகாரி.

"நடுவுல?" என்று கேட்டார் மேலாளர்.

இருவரும் கலந்தாலோசித்தனர். "நடுவுல நடக்கிறது அந்தம்மாவோட சொந்த விஷயம் சார்."

மேலாளர் நெடுநேரம் சிந்தித்தார். "ஞாயித்துக்கிழமை முழு நாள் லீவு விடறோமே. வாரத்துக்கானதை மொத்தமா அன்னைக்கே வச்சுக்கக் கூடாதா?"

"அது என் கையிலே இல்லைங்க சார்."

"மனசு வைக்கணும்மா, மனசு!"

அரை நாள் விடுப்பு உற்பத்தியைப் பாதிக்கும் என்பதால் மறுக்கப்பட்டது. ஆனால் தொழிலாளியின் துயரைக் கண்டும் காணாமல் விடும் நிர்வாகமா அது? மறுநாளே கழிவறைக் கதவின் உட்புறம் உதயசூரியன் படத்தோடு ஓர் அட்டை ஒட்டப்பட்டது: 'உங்களால் முடியும்!'

அவளால் முடியவில்லை. சூரியனையே வெறித்துப் பார்த்துவிட்டு, நான்காவது நிமிடம் கதவு தட்டப்படுவதற்குள் எழுந்து வந்தாள். வயிறு கல்லாகக் கிடந்தது.

பக்கத்து இயந்திரத்தில் பட்டன் வைக்கும் அக்கா குனிந்து கேட்டாள். "ஏன்டி முகம் இப்படி இருக்கு?"

"எல்லாம் இந்த மாத்திரைதான்க்கா."

"அடிப்பாவி! நீ நிஜமாவே முழுங்குறியா?"

"பின்னே?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். கன்னத்துக்கும் கடைவாய்க்கும் நடுவே சற்றுமுன் போட்ட மாத்திரை பத்திரமாக இருந்தது. "இந்த வரிசையிலேயே முழுங்குறவ நீ ஒருத்திதான். துப்பிட்டு வேலையை நிரந்தரம் பண்ணிக்கிற வழியைப் பாரு. ரத்தம் அப்புறம் ஊறிக்கும்."

அன்று மாலை மூன்று மாடியையும் நிற்காமல் ஏறி, மேலே நின்று ஒருமுறை கீழே பார்த்தாள் காலர்க்காரி. மறுநாள் பதினொரு மணிக்கு அவள் மாத்திரையும் கன்னத்துக்குள் ஒதுங்கியது.

அதன்பின் நிகழ்ந்தது நிர்வாகவியல் அதிசயம். மாத்திரைப் பலகை முழுக்கப் பச்சை. நேரப் பலகையில் புதிதாக ஒரு சிவப்பும் இல்லை. இரண்டு துறைகளும் ஒரே காலாண்டில் நூறு சதவீதம்! ரத்தத்தை மறுபடி சோதிக்கலாமே என்று நர்சம்மா கேட்டபோது, இவ்வளவு பச்சைக்கு நடுவே சிவப்பு எதற்கு என்று அதிகாரிகள் விட்டுவிட்டார்கள்.

விழா எடுத்தார்கள். சட்டை வாங்கும் வெளிநாட்டு விருந்தினர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஏழு நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்கு இறங்கிச் சாதனை புரிந்த காலர்க்காரிதான் விழா நாயகி. மேடை ஏறி நிரந்தர வேலைக்கான உத்தரவையும் ஒரு கேடயத்தையும் வாங்கிக்கொண்டாள்.

"இந்தச் சகோதரி உடம்புல ஓடுறது ரத்தம் இல்லை, இரும்பு!" என்று முழங்கினார் மேலாளர்.

மேடைப் பலகை காலர்க்காரியின் காலுக்கடியில் மெல்லச் சாய்ந்தது. ஆளாளுக்கு இரண்டு முகம் தெரிந்தது. இரண்டு மேலாளர்கள், நான்கு அதிகாரிகள். அத்தனை பேர் இருந்தும் ஒருவருக்கும் கை ஒழியவில்லை; எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார்... யாராவது என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?"