கடலுக்குள் விரலை நனைத்தவன்

கடற்கரை ஊரில் பிறந்தவனுக்கு நீச்சல் தெரியும் என்று எல்லோரும் நம்புகிறார்கள், கடற்கரை ஊர்க்காரர்களைத் தவிர. நான் மரக்காணம் உப்பளத்தில் இருபத்தாறு வருஷமாக மேஸ்திரி. எனக்கு நீச்சல் தெரியாது. பாத்தியில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டாது. அதில் நீச்சல் பழகத் தவளையாகத்தான் பிறந்திருக்க வேண்டும். (அந்த உப்புல தவளையும் செத்துடும், அது வேற விஷயம்.)

எனக்குத் தெரியாத இன்னொன்று, பேசுவது. உப்பளத்தில் அதற்கு அவசியம் இல்லை. கையைக் காட்டினால் மடையைத் திறப்பார்கள், இன்னொரு முறை காட்டினால் மூடுவார்கள். ஒரு நாளைக்கு ஆறு வார்த்தையில் என் வேலை முடிந்துவிடும். மீதி வார்த்தைகளை என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

இதனால் என் மகள் கலையின் கல்யாணத்தில் ஒரு விபரீதம் நடந்தது. மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நான் நிற்க, மாப்பிள்ளை வீட்டார் வேனிலிருந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவர் மாப்பிள்ளையின் அப்பா ஏழுமலை. இரும்பை கிராமத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற விவசாயி. ஆறடி ஆள். கொல்லையில் நின்று கூப்பிட்டால் ரோட்டில் போகிற பஸ் நிற்கும், அப்படி ஒரு குரல். அவரைப் பார்த்து நான் "வாங்க" என்றேன். சத்தியமாகச் சொன்னேன். உதடு அசைந்தது, சத்தம்தான் வரவில்லை. சம்பந்தி ஒரு நொடி நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டு, சந்தனத்தைத் தொடாமல் உள்ளே போனார். "பொண்ணு குடுத்தவரு வாயத் தொறந்து வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லல" என்று அவர் பந்தியில் சொன்னது மூன்றாம் நாள் என் காதுக்கு வந்து சேர்ந்தது.

அதோடு சரி. அவர் எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையும் கலையும் மட்டும் வந்தார்கள். கலை முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல் அழுதாள். "நீ திமிரு புடிச்சவன்னு நெனச்சிக்கினு இருக்காருப்பா. உனக்கு வெக்கம்னு சொன்னா, அம்பது வயசு ஆம்பளைக்கு இன்னா வெக்கம்னு கேக்குறாரு." நியாயமான கேள்விதான். என்னிடம் பதில் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

கலை சும்மா இருக்கிறவள் இல்லை. மழைக்கு உப்பளம் ஓய்ந்திருந்த மார்கழியில் இரண்டு குடும்பத்தையும் சுற்றுலா கூட்டிப்போக ஏற்பாடு செய்தாள். பெண்கள் ஒரு அறை, அப்பாக்கள் இரண்டு பேரும் ஒரே அறை. நான்கு நாள் ஒரே அறையில் இருந்தால் பேசித்தானே ஆக வேண்டும் என்பது அவள் கணக்கு. மாப்பிள்ளைக்கோ சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போய்ப் பவளப்பாறை பார்க்கிற ஆசை. போனில் ஒவ்வொரு தீவாகக் காட்டினார். மாலத்தீவில் தண்ணீருக்கு மேலேயே ஆளுக்கொரு குடிசை கொடுப்பார்களாம். ஆளுக்கொரு குடிசை என்றதும் கலை அதை அடித்துவிட்டாள். லட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்பதால் அதுவும் போனது. என் மனைவி தனம் மட்டும், "புதுச்சேரியிலயே கடலுக்குள்ள எறக்கி வுடுறாங்களாமே, காலையில பஸ் ஏறுனா மத்தியானம் சாப்பாட்டுக்கு வூட்டுக்கு வந்துடலாம்" என்றாள். மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டால் எங்களை எப்படி ஒரே அறையில் பூட்டுவது? கடைசியில் அந்தமான் முடிவானது.

அங்கே ஹேவ்லாக் தீவில் முதல் மூன்று நாள் நானும் சம்பந்தியும் ஒரே அறையில் இரண்டு தனித்தனித் தீவுகளாக இருந்தோம். அவர் டிவியில் செய்தி பார்ப்பார். நான் டிவியின் பக்கவாட்டைப் பார்ப்பேன். இரண்டாம் நாள் ராத்திரி அவராகவே, "ஃபேனக் கொறைக்கட்டுமா?" என்று கேட்டார். நல்லதாக ஒரு பதிலை நான் தயார் செய்து முடிப்பதற்குள் அவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். மறுநாள் காலை, "ஃபேனுக்குக் கூட பதில் சொல்ல மாட்டேன்றாரு" என்று மகனிடம் சொன்னாராம்.

நான்காம் நாள் கடலுக்குள் இறங்குகிற நாள். பெண்கள் கரையில் இருக்க, ஆண்கள் மூவரும் போவதாக ஏற்பாடு. இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சம்பந்தி என் பக்கம் திரும்பினார்.

"நான் கெணத்துல குதிச்சி வளந்தவன். நீங்க கடலையே வாசல்ல வெச்சிருக்கிற ஆளு. எறங்குறீங்க இல்ல?"

நான்கு நாளில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். முடியாது என்றால் இரண்டாவது அவமரியாதை. எதிரில் கலை இட்லியைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டிவிட்டேன்.

எனக்கு அமைந்த பயிற்சியாளர் செலின் என்ற பெண்மணி. போர்ட் பிளேரில் பிறந்த தமிழர், நாற்பது வயதிருக்கும். உடம்போடு ஒட்டுகிற ரப்பர் உடுப்பு ஒன்றைக் கொடுத்தார். வேட்டி கட்டியே பழகியவன் அதற்குள் நுழைவதற்குக் கால் மணி நேரம் ஆனது. முன்பக்கம் வர வேண்டிய ஜிப்பு... இல்லை, அது பின்பக்கம்தான் வர வேண்டுமாம். கழற்றி மறுபடி போட இன்னொரு கால் மணி நேரம். முதுகு ஜிப்பை இழுத்து மூடியவர் சம்பந்தி. மூட்டைக்கு வாய் தைக்கிறவர் மாதிரி முழங்காலால் அணைத்து இழுத்தார். கரையில் நின்ற தனம் என்னைப் பார்த்தாள், பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டாள். முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அப்படித் திரும்பியது அதுவே முதல் தடவை.

இடுப்பளவுத் தண்ணீரில் பாடம் நடந்தது. மூக்கைக் கண்ணாடி மூடியிருக்கும். குழாய் வழியாக வாயால்தான் மூச்சு விட வேண்டும். "அண்ணே, உள்ள போனதும் என்னா வேணா பண்ணுங்க. வாயில இருக்கிறத மட்டும் எடுத்துடாதீங்க" என்று செலின் மூன்று முறை சொன்னார். வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்கா சொல்லித் தர வேண்டும் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

இறங்கினோம். என் சிலிண்டரைச் செலின் பிடித்திருந்தார். பக்கத்திலேயே சம்பந்தியும் அவருடைய பயிற்சியாளரும். மாப்பிள்ளை எங்களுக்கு முன்னால் போய்விட்டார்.

பயமே இல்லை என்றால் நம்புவீர்களா? இருபது அடி ஆழத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எல்லோரும் கையைத்தான் காட்டுகிறார்கள். உலகம் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பவளப்பாறை காலிஃபிளவர் தோட்டம் மாதிரி விரிந்து கிடந்தது. நீலமும் மஞ்சளுமாக மீன்கள் என் முகக் கண்ணாடி வரை வந்து விசாரித்துவிட்டுப் போயின. சம்பந்தியைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் கோபம் இல்லை. (கண்ணாடியும் குழாயும் போக மீதி முகம் கொஞ்சம்தான். அதுல இல்ல.)

அப்போது அந்தத் தண்ணீரைக் கவனித்தேன். அத்தனை தெளிவு. எங்கள் ஊரில் கால்வாய் வழியாகப் பாத்திக்கு வருகிற தண்ணீர் டீ மாதிரி இருக்கும். இந்தத் தண்ணீரைப் பாத்தி கட்டினால் உப்பு எவ்வளவு வெள்ளையாக இறங்கும் என்று நினைத்தேன்.

உப்பளத்தில் தண்ணீரின் காரம், அதாவது அதில் உப்பு எவ்வளவு என்று, பார்க்க அளவு போட்ட கண்ணாடிக் குழாய் உண்டு. ஆனால் அதைத் தேடி எடுப்பதற்குள் எங்கள் விரல் தண்ணீரைத் தொட்டு நாக்குக்குப் போய்விடும். புதுத் தண்ணீர் எதைப் பார்த்தாலும் அப்படித்தான். கல்யாண வீட்டில் கை கழுவுகிற தண்ணீரைக் கூட நான் விட்டதில்லை.

இடது கையால் வாயிலிருந்த குழாயை எடுத்தேன். வலது கை ஆள்காட்டி விரலை நீட்டி, கடலுக்குள் இருந்துகொண்டு, கடலில் நனைத்தேன். நனைத்த விரலை உதறினேன். உதறிவிட்டு வாய்க்குக் கொண்டுபோனேன்.

விரல் நாக்கை எட்டுவதற்கு முன் கடலே நேரில் வந்துவிட்டது. திறக்க வேண்டிய இடத்தில் எல்லாம் மூடி வைத்திருந்த வாயை, மூட வேண்டிய ஒரே இடத்தில் திறந்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. குழாயைத் தேடினேன், அது என் முதுகுப் பக்கம் போயிருந்தது. கண்ணுக்குத் தெரிந்த இன்னொரு குழாய் சம்பந்தியின் வாயில் இருந்தது. நான் யோசிக்கவில்லை. அதைப் பிடுங்கி என் வாயில் வைத்துக்கொண்டேன்.

பெண் கொடுத்த இடத்தில் நான் உரிமையோடு கேட்டு வாங்கிய முதல் பொருள் அது.

நல்லவேளை, அவர் கிணற்றில் முங்கிப் பழகியவர். பதறாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை உருட்டி என்னைப் பார்த்தபடி நின்றார். செலின் என் குழாயை இழுத்து என் வாயில் திணித்தார். சம்பந்தியின் குழாயை அவருடைய ஆள் மீட்டுக் கொடுத்தார். எங்கள் இரண்டு பேரையும் பிடித்து மெதுவாக மேலே கொண்டுவந்தார்கள். வருகிற வழியெல்லாம் நான் சம்பந்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தேனாம். பயிற்சியாளர்கள் எடுத்த வீடியோவில் இருக்கிறது.

மேலே வந்து இருமி முடிக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. கரையிலிருந்து கலை இடுப்பளவுத் தண்ணீர் வரை ஓடி வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. இனி இந்த ஜென்மத்தில் சம்பந்தி நம் வீட்டுக்கு வரப்போவதில்லை என்று நானும் முடிவு செய்துவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி நெற்றியில் வைத்தார்.

"யோவ் சம்பந்தி, எதுக்குய்யா அத எடுத்த?"

கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டதன் பலன்களை எட்டு மாதமாக அனுபவித்துக்கொண்டிருந்தேன். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன்.

"உப்பு கம்மிங்க. நம்ம பக்கந்தான் ஜாஸ்தி."

சம்பந்தி என்னையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்தக் குரலில் சிரித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கரையில் இருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். சிரித்த சிரிப்பில் அவர் கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஆமாய்யா, கம்மிதான்" என்று மறுபடியும் சிரித்தார். செலின் மட்டும் சிரிக்கவில்லை. அவர் என் சிலிண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி அறையில் டிவி போடவில்லை. உப்பு எப்படி விளைகிறது என்று கேட்டார். சொன்னேன். விடியும் வரை சொன்னேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்கிறார், அது பொய், பதினோரு மணிக்குத் தூங்கிவிட்டோம்.

ஊர் திரும்பிய பத்தாம் நாள், ஒரு மூட்டை மல்லாட்டையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். என்னைப் பார்க்க என்று சொன்னாலும், வந்தது எங்கள் தெருவுக்குக் கதை சொல்ல. முதல் வாரம் இருபது அடி ஆழம். இப்போது நூறு அடி, கூடவே ஒரு சுறாவும் சேர்ந்திருக்கிறது. இரண்டு வீட்டிலும் எதைப் பற்றி அபிப்பிராயம் கேட்டாலும் இன்று ஒரே பதில்தான். மாப்பிள்ளைக்கு பெங்களூருக்கு மாற்றல் வந்தபோது ஊர் எப்படி என்று கேட்டோம். "உப்பு கம்மி" என்றார்.

போன மாதம் பேத்திக்குக் காது குத்தினோம். ஊசி பட்டதும் குழந்தை கூரை பறக்கிற மாதிரி அழுதாள். அவளை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட சம்பந்தி அவள் கன்னத்துக் கண்ணீரை விரலால் தொட்டு, மண்டபமே பார்க்க என் பக்கம் நீட்டினார்.

"சம்பந்தி, இத நீங்கதான் பாத்து சொல்லணும்."

ஆளாளுக்குச் சிரித்தார்கள். தனம் தலையில் அடித்துக்கொண்டாள். நான் அந்த விரலிலிருந்து ஒரு துளியைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"நம்ம பக்கத்து உப்புதாங்க."

அதற்கும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, தொழில்காரனாகத்தான் சொன்னேன்.