மாப்பிள்ளைப் படமும் ஆறு பொயின்றும்

கோலியர்ஸ் வுட், லண்டன்
வெள்ளிக்கிழமை

யேசு மரி சூசை துணை

பாரிசில் வசிக்கும் என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய றோஸ்மலர் அக்காவுக்கு,

தம்பி செபமாலைமுத்து எழுதுவது. நீங்களும் அத்தானும் மாதாவின் காவலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் மனிசி இம்மாகுலேற்றுக்கு முழங்கால் பரவாயில்லை, மகள் மெலனிக்கு வேலை பரவாயில்லை, எனக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இதுவரை எழுதுவதற்குள்ளேயே பல தரம் எழும்பிப்போய் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டேன். வட்ஸ்அப் இருக்க ஏன் அவசரத் தபாலில் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். போனைத் தொட எனக்குப் பயம் அக்கா. கோபிக்காமல் கேளுங்கள், அதற்குக் காரணம் நீங்கள்தான்.

தவக்காலத்தில் ஒருநாள் மெலனிக்குப் பேசிய பெடியனின் படத்தை எனக்கு அனுப்பினீர்கள் அல்லவா? அப்போது நான் ரூட்டிங்கில் சிவப்பு லைற்றில் நின்றுகொண்டிருந்தேன். "உடனே பார்" என்று கீழே எழுதியிருந்தீர்கள். நீங்கள் உடனே என்றால் நான் உடனே செய்கிறவன், சின்னனிலிருந்து பழக்கிவிட்டீர்கள். போனைக் கையில் எடுத்தேன். நீலக் கோட், அலை அலையாகத் தலைமுடி, நல்ல பல். இந்த மூக்குக்கும் மெலனியின் மூக்குக்கும் பொருந்துமா என்று பார்த்துக்கொண்டிருக்கையில் யன்னலில் தட்டுச் சத்தம். பொலிஸ். நான் பயப்படவில்லை, பிழை செய்தால்தானே பயம், கண்ணாடியை இறக்கிப் படத்தை அவருக்கும் காட்டி, இவர்தான் என் மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை என்றேன். அவர் வடிவாகப் பார்த்து, பெடியன் நல்ல களை என்று சொல்லிவிட்டு, காரில் போனைத் தொட்டதற்கு என் லைசென்சில் ஆறு குற்றப் பொயின்றும் தண்டப்பணமும் எழுதினார்.

வாயை மூடிக்கொண்டு கட்டியிருக்கலாம். இம்மாகுலேற்றும் அதைத்தான் சொன்னாள். "கார் நிண்டதுதானே! நிக்கிற காரில படம் பாத்தா என்ன குற்றம்?" என்று நான் நீதிமன்றத்துக்குப் போனேன். அங்கே நீதவான்களாக மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் அதே படத்தைக் காட்டினேன். நடுவில் இருந்த அம்மா கண்ணாடி போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு, லைற்றில் நின்றாலும் அது ஓட்டுவதுதான் என்றார். அதே ஆறு பொயின்ற், முந்தியதிலும் கூடின தண்டம். போகும்போது கட்டாத அபராதத்தோடு போனவன், வரும்போது தீர்ப்பிடப்பட்ட குற்றவாளியாக வந்தேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன், அங்கேதான் தொடங்கியது. இன்சூரன்ஸ் முடியும் மாதம் வந்தது. இத்தனை வருடம் எங்களை "மதிப்புக்குரிய வாடிக்கையாளர்" என்று அழைத்தவர்கள், இனி உங்களை எடுக்க ஏலாது என்று ஒரே வரியில் எழுதிவிட்டார்கள். கார் இல்லாவிட்டால் ஹீத்ரோவில் விடியப்புற ஷிப்ட் இல்லை, அந்த நேரத்துக்கு ரெயினும் இல்லை. மெலனி மடிக்கணினியை வைத்துக்கொண்டு விலை பார்க்கத் தொடங்கினாள். "அப்பா, கொன்விக்‌ஷன் ஏதும், குற்றத் தீர்ப்பு ஏதும் இருக்கோ எண்டு கேக்குது" என்று அவள் உரக்கக் கேட்க, இம்மாகுலேற் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுப் பக்கம் இருந்த யன்னலைப் பூட்டினாள். "ஓம்" என்று மெலனி அமத்தினாள். வந்த விலைக்கு, அக்கா, அந்தக் காரை இன்னொரு தரம் வாங்கலாம். வேலைத்தலத்துக் கிருஷ்ணராசா ஒரு யோசனை சொன்னான்: "மனிசியின்ர பேரில போடு, நீ சும்மா ரெண்டாவது ஆள் எண்டு எழுது." இம்மாகுலேற் லைசென்ஸ் எடுத்த பிறகு ஸ்ரியறிங்கைத் தூசு துடைக்க மட்டும்தான் தொட்டிருக்கிறாள். ஆனாலும் நான் சபலப்பட்டேன். மெலனிதான், "அது ஃப்ராட் அப்பா. ஆறு பொயின்றோட நிக்கிறது காணாதோ?" என்று ஏசினாள். பிறகு அவனே இல்ஃபோர்டில் ஒரு தமிழ் ஆள், பொயின்ற் உள்ளவர்களுக்கென்றே மலிவாக எடுத்துக் கொடுக்கிறார் என்று விலாசம் தந்தான். எங்கள் கோயில் சனம் ஒன்றும் அந்தப் பக்கம் வராது என்ற துணிவில், தொப்பியும் போட்டுக்கொண்டு, எலிசபெத் லைன் ரெயின் ஏறிப் போனேன்.

சின்னக் கந்தோர். மேசைக்குப் பின்னால் வெள்ளை மீசையோடு ஒருவர், கொம்பியூட்டரை விட்டுத் தலை நிமிராமல், "பேர் சொல்லுங்கோ" என்றார். "முத்து" என்றேன். "லைசென்சில உள்ள முழுப்பேர் வேணும்." அக்கா, அந்தக் குரலை நான் ஒருமுறை போனில் கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் தகப்பன் ஞானரட்ணத்துக்கு இல்ஃபோர்டில் "சொந்தக் கந்தோர்" என்று சொன்னீர்களே தவிர, என்ன கந்தோர் என்று சொன்னீர்களா? கழிப்பறைக்குப் போவதுபோல் எழும்பிப் போய்விடலாமா என்று பார்த்தேன், கழிப்பறை அவருக்குப் பின்னால் இருந்தது. "செபமாலைமுத்து" என்றேன். தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. அப்போதுதான் நிமிர்ந்தார்.

"நீங்கள் மெலனியின்ர அப்பாவோ?"

"ஓம்."

"வாற ஞாயிறு எங்கட வீட்டை வாற ஆக்கள்?"

"ஓம்."

அவர் என் லைசென்சை வாங்கி, ஆறு பொயின்றையும் அது விழுந்த காரணத்தையும் கொம்பியூட்டரில் பார்த்தார். பிறகு தொழில் முறைப்படி, "போனில என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?" என்று கேட்டார். நான் தொப்பியைக் கழற்றினேன். "உங்கட மகன்ர படம் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றேன். "எந்தப் படம்?" "நீலக் கோட் போட்டது."

மனிசன் முகம் மாறிவிட்டது. எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். இந்தச் சம்பந்தம் இதோடு சரி, அக்காவுக்கு இனி முகம் கொடுக்க ஏலாது என்று நான் மனதுக்குள் செபம் சொல்லத் தொடங்கினேன். அவர் குரலைத் தணித்து, "அண்ணை, இன்சூரன்ஸில மறைச்சுப் போட்டு எடுத்தா, இடிபடுற நேரம் ஒரு சதமும் வராது. அதால நானும் ஒண்டை டிக்ளேர் பண்ண வேணும். அது பழைய படம். றொஜனுக்கு இப்ப தலையில மயிர் இல்லை. மனிசிதான் வேற படம் அனுப்ப விடேல்ல" என்றார். "முழுக்கவோ?" என்று கேட்டேன். "முக்காவாசி." எனக்குள் அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இல்லாத முடியைப் பார்த்தா நான் குற்றவாளியானேன்! "வேற ஏதும் இருக்கோ?" என்றேன், நான்தான் இன்சூரன்ஸ்காரன் போல. "சமைக்கத் தெரியாது" என்றவர், யோசித்து, "ஆனா சமைப்பான்" என்றார்.

பிறகு இருவரும் தேத்தண்ணி குடித்தோம். பல கம்பனிகளுக்குப் போன் எடுத்து எனக்காக அவர் கெஞ்சிய கெஞ்சல், கூடப் பிறந்தவனும் கெஞ்சமாட்டான். கடைசியில் நான் கட்டக்கூடிய விலை ஒன்று வந்தது. காரில் ஒரு சின்னப் பெட்டி பூட்டுவார்கள், நான் எப்படி ஓட்டுகிறேன் என்று அது கம்பனிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து தலைமுடிச் செய்தியை மெலனிக்குப் பக்குவமாகச் சொல்லப் போனால், "எனக்குத் தெரியும் அப்பா, வீடியோவில கதைச்சனாங்கள்தானே. மொட்டைதான் அவருக்கு வடிவு" என்கிறாள். எனக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியாது.

ஆகவே அக்கா, பெடியன் தங்கம், தகப்பன் அதைவிடத் தங்கம். மனிசரைப் பொயின்ற் வைத்து அளக்கக் கூடாது என்று நான் படித்துவிட்டேன். நேற்றுப் பின்னேரம் சோதனைக்குக் கராஜில் விட்ட கார் திரும்பியதும், ஞாயிற்றுக்கிழமை அதிலேயே குடும்பமாக இல்ஃபோர்ட் போகிறோம். நீங்கள் அங்கிருந்தே ஒரு செபமாலை சொல்லுங்கள். அத்தானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள், பொயின்றைச் சொல்ல வேண்டாம். உங்கள் வீட்டில் சமாதானமும் சுகமும் குறைவில்லாமல் இருக்க மாதா பரிந்து பேசுவாராக.

என்றும் உங்கள் சொல் கேட்கும் தம்பி,
செபமாலைமுத்து

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கராஜ்காரன் போன் எடுத்தான், இம்மாகுலேற்தான் பேசினாள். கார் வருடாந்தச் சோதனையில் தவறிவிட்டது. அடிப்பக்கம் முழுதும் துருப்பிடித்துக் கறளாம், திருத்துகிற காசுக்கு வேறு கார் வாங்கலாமாம். இன்சூரன்ஸ் இருக்கிறது, நேற்றுப் பூட்டிய பெட்டியும் இருக்கிறது, கார்தான் இல்லை. இன்று முழுவதும் அசையாமல் நின்றதால், நான் மிகச் சிறந்த ஓட்டுநர் என்று பெட்டி நூற்றுக்கு நூறு போட்டிருப்பதாக மெலனி சிரிக்கிறாள். ஞாயிறு றொஜன் தன் காரில் வந்து எங்களை ஏற்றுகிறானாம். அக்கா, அந்தப் பெடியனுக்கு எத்தனை பொயின்ற் என்று நான் கேட்டதாகச் சொல்லாமல் விசாரித்து, உடனே அறிவிக்கவும்.