சஹனில் ஒரு ஆள் குறைந்த கதை

தனியாக இருப்பவனுக்கு வண்டி ரிப்பேர் செய்யும் ஆசை வரவே கூடாது. பேச ஆளில்லாத பாவத்துக்கு, சும்மா இருக்கும் நட்டையும் கழற்றிப் பார்ப்பான்.

எண்பதுகளின் தொடக்கத்தில், கடலரிப்பை அளக்கும் வேலையில் தருமபுரியிலிருந்து காரைக்காலுக்கு வந்தேன். ஆபீஸில் ஒரு பழைய ஜீப் உண்டு, டிரைவர் கிடையாது. ஓட்டுவது, கழுவுவது, கிரீஸ் அடிப்பது எல்லாம் நான்தான். சாயந்திரம் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு வந்து அதனோடு பேசிக்கொண்டிருப்பேன். (பதில் சொல்லாது. ஆனால் எழுந்தும் போகாது.) ஊர் நல்ல ஊர்தான். "சாப்டாச்சாங்க?" என்று எல்லோரும் கேட்பார்கள். ஆச்சு என்று சொல்லிவிட்டு ரூமுக்குப் போய்விடுவேன்.

என்னை முதன்முதலில் வீட்டுக்குக் கூப்பிட்டவர், நான் நட்டு போல்ட்டு வாங்கும் கடைக்காரர், திருமலைராயன்பட்டினத்து ஹமீது நானா. (நானா என்றால் அங்கே அண்ணன்.) மகளுக்கு நிக்காஹ்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் லுஹர் தொழுகை முடிஞ்சதும் சாப்பாடு சார். எங்கள்ல சஹன். ஒரே தாம்பாளத்துல நாலு பேரு சுத்தி உக்காந்து சாப்பிடணும். உங்களை எங்க மாமாவோட போட்டிருக்கேன். வந்துடுங்க."

ஒரே தட்டில் நாலு பேர். எனக்கு அன்றிலிருந்தே நிலைகொள்ளவில்லை.

அந்த வாரம்தான் ஜீப்பின் முன்பக்கம் கடகடவென்றது. அடியில் படுத்துப் பார்த்தேன். இன்ஜின் இழுவையை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டின் மூட்டில் கிரீஸ் வற்றியிருந்தது. புத்தியுள்ளவன் கிரீஸ் அடிப்பான். நான் தண்டையே கழற்றிக் கோணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். சத்தம் நின்றது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன்கூட இவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே பட்டினம் போய்ச் சேர்ந்துவிட்டேன். முதல் ஆளாகப் போய் நின்றால் சோற்றுக்கு அலைகிறான் என்பார்களே? பொழுதைப் போக்க ஜீப்பைக் கடற்கரைக்கு இறக்கினேன். பின்சக்கரங்கள் மணலில் புதைந்தன. இதற்கெல்லாம் பயப்படுகிறவனா நான்? நாலு சக்கரத்தையும் சுற்ற வைக்கும் லிவரை கம்பீரமாக இழுத்தேன். முன்சக்கரங்கள் புது மாப்பிள்ளை மாதிரி அசையாமல் இருந்தன. கட்டிலுக்கடியில் கிடப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

விட்டுவிட்டு நடக்கலாமென்றால் அலை டயருக்கே வந்துவிட்டது. சர்க்கார் ஜீப். சலவைச் சட்டையோடு மணலைத் தோண்டினேன். வலை பின்னிக்கொண்டிருந்த இருவர் வந்து பார்த்தார்கள்.

"ரெண்டு பேரால ஆவாது சார். ஆளுங்க கரைக்கு வரட்டும்."

ஆட்கள் வந்து, படகை இழுப்பதுபோலக் கயிறு கட்டி இழுத்தார்கள்.

"படகா இருந்தா மெதக்கவாச்சும் செய்யும்" என்றார் ஒருவர்.

நான் கல்யாண வீட்டை அடைந்தபோது சாயந்திரத் தொழுகையான அஸருக்கே பாங்கு சொல்லிவிட்டார்கள். பந்தல் காலி. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்படியே திரும்பிவிடலாமென்று நினைத்தபோது, பந்தல் மூலையில் மூன்று பேர் மூடிய தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

"வாங்க சார்" என்றார் ஹமீது நானாவின் மாமா. "பசியில கண்ணு இருட்டிருச்சு. நாலாவது ஆளு நீங்கதான்னு ஹமீது வேற யாரையும் உக்கார விடமாட்டேங்கிறான்."

"எனக்காகவா இவ்வளவு நேரம்?"

"பின்ன, ஜீப்புக்காகவா?"

கை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். சோறு ஆறிப்போயிருந்தது. மாமா கறியை என் பக்கம் தள்ளினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் மணல் என்றேன்.

"சாப்பிடுங்க, போயிடும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

சில மாதங்களில் மாற்றல் வந்தது. கல்யாணம் எனக்கு அமையவில்லை. அந்த வீட்டில் இன்றைக்கும் சஹனுக்கு யாராவது லேட்டானால், "ஜீப்ல வர்றாரு போல" என்பார்களாம். அன்றைய மணப்பெண் பெருநாளுக்குப் பெருநாள் போனில் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். பிறகு போனை வைத்துவிட்டு, ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொள்வேன். யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.