அக்காவின் பெயரில் என் ரத்தம்

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

உங்கள் அக்காவின் சின்ன மகள், நான்கு நிமிடம் பிந்திப் பிறந்தவள், எழுதிக்கொள்வது. நான் நலம். பக்கத்து அறையில் நீங்கள் டீ உறிஞ்சும் சத்தத்தில் நீங்களும் நலம் என்று தெரிகிறது. பேருந்தில் நிறுத்தம் கேட்கக் கூச்சப்பட்டுக் கடைசிவரை போய் அழுதவள் நான். நேரில் சொல்ல வாய் வராது.

பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் நீங்கள்தான் அக்காவின் ரத்த நோயை எங்களுக்கு விளக்கினீர்கள்: "செல்லுக்குள்ள மரபணு நீள நூல் மாதிரி. ஹிஸ்டோன் புரதம்தான் அதைச் சுத்தி வைக்கிற கட்டை. இறுக்கிச் சுத்தினா அந்த இடம் வாயைத் திறக்காது, தளர்ந்தா பேசும். அக்காவோட ரத்தத்தைக் காக்கிற இடம் இறுகிப் போச்சு. மருந்து அதைத் தளர்த்தணும். நீங்க ரெட்டைப் பிள்ளைங்க, நூல் ஒண்ணுதான். சுத்தினதுதான் வேற."

மாமா, ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த அன்றைக்கு அக்கா வாந்தி எடுக்கக் கழிப்பறைக்குப் போயிருந்தாள், அவளுக்கு முடி கொட்டியபோது நானும் ஒட்ட வெட்டிக்கொண்டது உங்களுக்குத் தெரியும், நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டார், நான் பேசாமல் இருந்தேன், "எத்தனை தடவைம்மா கூப்பிடறது, காது கேக்காதா?" என்று என் கையைப் பிடித்து இழுத்தார், அத்தனை பேர் பார்க்கிறார்களே, நான் அவ இல்லைன்னு எப்படிச் சொல்றது, சட்டைக் கையை மடிச்சு நீட்டிட்டேன், கொடுத்த பிஸ்கட்டையும் சாப்பிட்டுட்டேன், அக்காவோட பிஸ்கட் அது.

மறுவாரம் நீங்கள் தாளை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தீர்கள். "ஹிஸ்டோன் எல்லாம் பிரமாதமா தளர்ந்திருக்கு! நோயே இல்லாத பொண்ணு ரத்தம் மாதிரி இருக்கு!" இருக்காதா மாமா? அம்மா, "நிஜமாடா தம்பி?" என்று ஏழு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் நான் சொல்லவில்லை. டாக்டர் மருந்தைப் பாதியாக்கிவிட்டார். நாளை முதல் பாதி மாத்திரை. அக்காவின் நூல் உள்ளே இன்னும் இறுகிக்கொண்டிருக்கும். மருந்தைக் குறைப்பதை எப்படியாவது நிறுத்துங்கள். அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, அவளிடம் சொல்லிவிடாதீர்கள், பாவம்.

ஆஸ்பத்திரிக்குத் துணை போகவே ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள், துணை போன லட்சணம் இது. மன்னித்து, எப்போதும்போல் ஆசீர்வதியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சின்ன மருமகள்

பின்குறிப்பு: மடிக்கும்போது அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். "எனக்கு அன்னிக்கே தெரியும்டி. கழிப்பறைக் கதவைத் திறந்தேன், நீ கையை நீட்டிட்டு உக்காந்திருந்தே. ஒரு ஊசியாவது மிச்சம்னு மறுபடி கதவைச் சாத்திக்கிட்டேன்" என்கிறாள். "அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். "அம்மா சிரிச்சாளே" என்றாள். பிறகு, "கொடு, நானே கொண்டுபோறேன். உன்னை அனுப்பினா வெட்கத்துல டீயை வாங்கிக் குடிச்சிட்டு வந்துடுவே" என்று கடிதத்துக்குக் கை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஆகவே மாமா, இப்போது உங்கள் முன்னால் நிற்பது அக்காதான். இன்றைக்கே ரத்தம் எடுங்கள். முகத்தை மட்டும் நம்பாதீர்கள்.