மோட்டாரை நான் தனியாகத்தான் எடுத்தேன்

அன்புள்ள தம்பி சுப்பிரமணிக்கு அண்ணன் எல்லப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி அம்முலுவும் ஆடு மாடும் சுகம். ஓரிக்கையில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். இந்தக் காலத்தில் லெட்டர் எதற்கு என்று கேட்பாய். மோட்டார் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கழனியில் இருக்கிற போர்வெல் குழாய்க்குள் போனில் டார்ச் அடித்துப் பார்த்தேன். போன் தானே போய்ப் பார்க்கிறேன் என்று உள்ளே இறங்கிவிட்டது, இன்னும் வரவில்லை. எழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று பார்க்காதே, பேனா புதுசு.

உன் அண்ணி பக்கத்து வீட்டுப் போனில் உன்னிடம் என்னென்னவோ சொன்னாளாம். நீயும், "நாலு ஆளைக் கூப்பிட்டுக்கினு செய்யச் சொல்லு அண்ணி" என்று எனக்குப் புத்தி சொல்லி அனுப்பினாயாம். நடந்ததை என் வாயால் கேள்.

அடுத்தவன் கழனியில் கூலிக்கு நின்றே காலம் போன பிறகு, முதல் தடவையாக என் பேரில் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைத்திருக்கிறேன். கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்து மோட்டார் காயில் எரிந்துபோயிற்று. இப்போது தண்ணீர் இல்லையென்றால் எல்லாம் பதர். மோட்டாரை வெளியே எடுக்க என்ன செய்வார்கள் என்று உனக்கே தெரியும். மோட்டார் தொங்குகிற தண்ணீர் ஓஸைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் பின்னால் ஒருவராக வரப்பில் இழுத்துக்கொண்டு போகணும். அதற்குத் தெருவையே கூப்பிடணும். தெரு வந்தால் கறிக்குழம்பு வைக்கணும். அதுகூடப் பரவாயில்லை, தின்ற சோறு செரித்துவிடும், செய்த உதவிதான் நம்ம ஊரில் யாருக்கும் செரிக்காது. நம்ம வீட்டு பீரோவை ஒரு ஓரம் பிடித்த செங்கேணி, இன்றைக்கும் டீக்கடையில் என்னைப் பார்த்தால் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறான். பக்கத்து வீட்டு பெஞ்சமினைக் கேட்கலாம், அவன் அதைவிட மோசம். ஒன்றும் சொல்லிக்காட்ட மாட்டான், சிரிப்பான். அந்தச் சிரிப்பை எவன் தாங்குவது? வாழ்நாளெல்லாம் பிறத்தியான் சொன்னதைச் செய்தவன் நான். என் கழனி வேலையையாவது என் கையால் செய்யணும் என்று எனக்கு இருக்காதா?

அதனால் ஓஸை என் டிவிஎஸ் வண்டியின் பின்னால் கட்டி ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். நன்றாகத்தான் வந்தது. அதற்குள் தெருவே வந்து வரப்பில் நின்றுவிட்டது. கூப்பிடாத வேலையில் கை வைக்கக் கூடாது என்பது நம்ம ஊர் மரியாதை, வேடிக்கை பார்க்க மட்டும் யாரும் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டாம். செங்கேணி பிளாஸ்டிக் நாற்காலியே கொண்டுவந்து போட்டுக்கொண்டு, லெஃப்டுல ஒடி, ரைட்டுல ஒடி என்று சொல்லிக்கினு கீறான். பாதி ஓஸ் வெளியே வந்ததும் வண்டி சேற்றில் சிக்கி அணைந்துபோச்சு. ஓஸ் நிறைய தண்ணி, கீழே மோட்டார், அந்த கனம் என்னை வண்டியோட பின்னாடி இழுக்குது. நான் பிரேக்கை புடிச்சிக்கினு உக்காந்தபடியே போர் பக்கம் ரிவர்ஸ்ல போய்க்கினு கீறேன், பயிரெல்லாம் என் காலடியில மடங்குது, ஒருத்தனும் அசையலை. போர் குழாய்ல பின்சக்கரம் மாட்டிக்கினு நின்னதாலதான் நானும் மோட்டாரும் பொழைச்சோம். அப்பத்தான் அம்முலு ஒரே ஒரு வார்த்தை கேட்டா:

"இன்னா பாத்துக்கினு கீறீங்க, வந்து புடிங்களேன்."

அவ்வளவுதான், நாற்காலிக்காரன் முதற்கொண்டு ஓடிவந்து புடிச்சானுங்க. அண்ணி உலை வெச்ச அரிசி வேகறதுக்குள்ள மோட்டார் வெளியே கீது. அவங்க இழுத்தது மீதிப் பாதிதான், கஷ்டமான பாதி நான் எடுத்தது. அதை நீ மறக்கக் கூடாது. எனக்கு ஒரே அவமானமாப் போச்சு. "கூப்பிட்டது அவ, நான் இல்ல. இனிமே நான் கேக்காம எவனும் என் போர் மேல கை வெக்கக் கூடாது" என்று அங்கேயே சொல்லிவிட்டேன். அவர்களும் சரி என்று போய்விட்டார்கள். உத்திரமேரூரில் புதுக் காயில் கட்டிக்கொண்டு வந்த மோட்டார் வீட்டு வாசலில் படுத்திருக்கிறது. கழனி வெடிக்க ஆரம்பித்துவிட்டது. இருந்தாலும் நான் யாரையும் எதற்கும் கேட்டதில்லை, கேட்கப்போவதும் இல்லை. தனியாக இறக்க ஒரு யோசனை வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உன் சம்சாரத்தைக் கேட்டதாகச் சொல்லவும். எந்தக் காரியத்துக்கும் யார் கையையும் எதிர்பார்க்காமல் நீ தீர்க்காயுசாக வாழணும்.

இப்படிக்கு,
அண்ணன் எல்லப்பன்

பி.கு.: சுப்பிரமணி அண்ணனுக்கு பெஞ்சமின் ஸ்தோத்திரம். இந்த லெட்டரை எழுதினது நான்தான். வண்டியோடு போய்ப் போர் குழாயில் மோதினதில் பெரியவருக்கு வலது கையில் மாவுக்கட்டு. என்னைப் பற்றிச் சொன்னதையும் சொன்னபடியே எழுதியிருக்கிறேன், அந்த இடத்தில் கொஞ்சம் சிரித்தேன். காலையில் வந்து வெகு நேரம் எங்கள் வீட்டு ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "ஒரு லெட்டர் எழுதணும், கொஞ்சம் எழுதிக் குடுடா" என்றார். அதைத் தெருவில் போய்ச் சொன்னேன். லெட்டருக்குக் கேட்டால் என்ன, மோட்டாருக்குக் கேட்டால் என்ன, கேட்டது கேட்டதுதான் என்று செங்கேணியே சொல்லிவிட்டார். விடிந்ததும் எல்லாரும் மோட்டாரை இறக்க வருகிறோம். கறிக்கு அம்முலு அண்ணி சொல்லியாயிற்று. பெரியவருக்குத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை.